மைக் நம் கைக்கு வருவதற்குள் முடிவு எடுத்தாகிவிடுகிறது

கொருக்குப்பேட்டை கேட்:

எங்கள் வடசென்னைப் பக்கத்தில் ஒரு விரிவாக்கத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டிருந்தார்கள், போயிருந்தேன். யாருடைய திட்டம் என்று எழுதப் போவதில்லை, எழுதினால் இழை முழுக்க அதிலேயே போய்விடும். பத்தரைக்குக் கூட்டம். ஒன்பதே காலுக்கே முன் நாலு வரிசையும் நிரம்பியிருந்தது. நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், பேசின் பிரிட்ஜில் பஸ் ஏறினால் எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது தலையாட்டுவார்கள், அன்றைக்கு அந்த நாலு வரிசையில் தெரிந்த முகம் ஒன்று இல்லை. ஒரு பையனின் சட்டைப் பையில் சாப்பாட்டு டோக்கன் எட்டிப் பார்த்தது. எங்கிருந்து தம்பி வருகிறீர்கள் என்றேன், செங்குன்றம் தாண்டி, வேனில் கூட்டிட்டு வந்தாங்க என்றான். பாவம், பொய் சொல்லத் தெரியவில்லை.

பேசுவதற்கும் டோக்கன்தான். என் நம்பர் 63. மைக் என்னிடம் வந்தபோது மணி மூன்று, மேடையில் இருந்த ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் வாட்டர் பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினார். சாம்பல் பற்றியும், எங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள் நெபுலைசர் வைத்துக்கொள்கிறார்கள் என்பது பற்றியும் மூன்று நிமிடம் பேசினேன். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை முந்தின ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். கூட்டத்தின் முடிவில், பேசியதன் சுருக்கத்தை மக்களின் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து என்று அதில் இருக்கிறது. கேட்டேன். டைம் ஆயிடுச்சு சார் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் மைக்செட் பையன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான்.

அதே அறிவிக்கையில் இன்னொன்றும் உண்டு. கூட்டத்தைத் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதாவது நாம் ஒருவருமே போகாவிட்டாலும் நம் கருத்தைக் கேட்டதாகத்தான் கணக்கு.

ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று தினமும் யாராவது எழுதுகிறார்கள். ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்து வரும் வி-டெம் அறிக்கை நம் நாட்டைச் சில வருஷமாகவே தேர்தல் நடத்தும் எதேச்சாதிகாரம் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது, 2025 அறிக்கைப்படி உலகத்தில் ஜனநாயக நாடுகள் 88, மற்றவை 91. சரி, இருக்கட்டும். ஆனால் என் சந்தேகம் வேறு. ஓட்டுப் போடுவதில் நாம் குறை வைக்கவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வடசென்னையில் சுமார் 60 சதவீதம், தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54-ஐ ஒட்டித்தான். அதிகம் ஓட்டுப் போடுகிற பக்கத்துக்குத்தான் குப்பை மேடு, சாம்பல் குளம், எண்ணெய்க் குழாய் எல்லாம் வருகிறது. அப்படியென்றால் கோளாறு ஓட்டுப்பெட்டியிலா, அதற்கு அடுத்த நாளிலா?

பழைய பின்னி:

தம்பி, மைக் ஒயர் சுருட்டியது என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வந்தது. என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லில் ஸ்பின்னிங் பிரிவு. பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள், வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். அதை விடுங்கள், அது வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. நான் பார்த்தது கேட் மீட்டிங். ஷிப்ட் மாறும் நேரத்தில் மில் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, சங்கத் தலைவர் அதன்மேல் ஏறி நிற்பார், கீழே எண்ணெயும் பஞ்சும் ஒட்டிய சட்டையோடு நூறு இருநூறு பேர். போனஸ் எட்டு பர்சென்ட் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், யாரைக் கேட்டுப் போட்டே என்று கூட்டத்தில் இருந்து ஒருத்தன் கத்துவான், அவர் பதில் சொல்லாமல் ஸ்டூலைவிட்டு இறங்க முடியாது. இறங்கினாலும் அடுத்த நாள் அதே வாசல் வழியாகத்தான் அவரும் வேலைக்குப் போக வேண்டும்.

எல்லாம் தங்கமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1921 வேலைநிறுத்தத்தில் சாதி புகுந்து புளியந்தோப்பே பற்றி எரிந்தது, அதுவும் இதே சங்கத்தின் கதைதான். ஆனால் 1996-ல் மில்லை மூடியதோடு போனது வேலை மட்டும் இல்லை, கேள்வி கேட்கும் இடமும் போனது. இப்போது என் பேரன் ஒரு கிடங்கில் காண்ட்ராக்டில் இருக்கிறான், அவனுக்கு முதலாளி யார் என்றே தெரியாது, செயலியில் ஷிப்ட் வருகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் கேள்வி கேட்டுப் பழக்கம் வருமா? தினமும் கேட்டவன்தான் அந்த ஒரு நாளும் கேட்பான்.

டோல்கேட் தம்பி:

எல்லாம் சரி, ஆனா நம்ம ஜனத்தை யாரும் கேட்க மாட்டேங்கிறீங்களே. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையே ரத்து பண்ணாங்க, எதுக்கு? பணப் பட்டுவாடா. இந்தியா முழுக்க டிவியில் நம்ம தண்டையார்பேட்டை தெருவைக் காட்டினாங்க. அப்புறம் டிசம்பரில் திரும்ப நடந்தப்ப ஓட்டுக் காசுக்கு இருபது ரூபா நோட்டையே டோக்கனாக் கொடுத்தாங்க என்று ஒரே குற்றச்சாட்டு. காசை வாங்கிப் பையில் போட்டுக்கிட்டு அஞ்சு வருஷம் கழிச்சு ரோடு எங்கே என்று எந்த முகத்தோடு கேட்பது? கடையில் பொருளுக்குக் காசு வாங்கிட்டா அது அவன் பொருள். அவ்வளவுதான்.

மீன் வாடை:

டோல்கேட் தம்பிக்கு. என் அம்மா வாங்கியிருக்கிறாள். ரெண்டு பக்கமும் வாங்கினாள், மூன்றாவது ஆளுக்குப் போட்டாள், அதையும் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதைச் சரி என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் உன் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சட்டமன்ற வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு 40 லட்சம். அதற்கு மேல் எத்தனை மடங்கு போகிறது என்று தெருவில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? 2018-லிருந்து கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கத் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வைத்திருந்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று ஓட்டுப் போடுகிற நமக்குத் தெரியாது, 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் செல்லாது என்றார்கள். கோடி கோடியாகக் கொடுத்த கம்பெனிக்காரரை எந்த முகத்தோடு சலுகை கேட்கிறாய் என்று யாராவது கேட்டார்களா? இருபது ரூபாய் நோட்டு வாங்கியவள் மட்டும்தான் முகத்தைத் தேட வேண்டுமா?

அரசியல் என்று ஒன்று எங்கள் வீட்டு வாசலுக்கு நிச்சயமாக வந்து சேர்ந்தது அந்தக் கவர் மட்டும்தான். ரோடு வரும் என்பார்கள், வராது. பட்டா வரும் என்பார்கள், வராது. கவர் வரும்.

இன்னொன்று, இதை எழுதினால் எங்கள் ஊரில் திட்டுவார்கள். எங்கள் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. ஏலம், தகராறு, நிவாரணம் வந்தால் யாருக்கு எவ்வளவு, எல்லாம் அங்கேதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குக் கூடை தூக்குகிற எங்களில் ஒருத்திக்கும் அங்கே ஓட்டு இல்லை, உட்கார இடமும் இல்லை, கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தபோது, நிவாரணப் பட்டியல் போட்டார்கள், படகு வைத்திருப்பவர், வலை வைத்திருப்பவர் என்று. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறவளுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. எந்தப் பட்டியலில் எழுதுவார்கள்? டெல்லியில் ஜனநாயகம் இல்லை என்று பேசுவதற்கு முன் குப்பத்தில் இருக்கிறதா என்று நாங்களும் பார்க்க வேண்டும்தான்.

டோல்கேட் தம்பி:

அக்கா, பத்திரம் விஷயத்தில் நீங்க சொல்றது சரி. நான் அந்தப் பக்கம் யோசிக்கலை. ஆனா காசு வாங்குறது தப்பு இல்லைன்னு நான் இன்னும் ஒத்துக்கலை.

மீன் வாடை:

நானும் தப்பு இல்லை என்று சொல்லவே இல்லையே.

மாதவரம் பால்:

கேட் அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கோளாறு அடுத்த நாளில்தான், அதுவும் நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த மூத்த மாநகராட்சியில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி 19 வரைக்கும் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லை, தனி அதிகாரி ஆட்சி. வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு காரணமாக வந்துகொண்டே இருந்தது. அதற்காக எங்கேயாவது கடையடைப்பு நடந்ததா? அப்புறம் ஒருவழியாகத் தேர்தல் வந்தபோது மாநிலத்தில் 60 சதவீதம் ஓட்டுப் போட்டார்கள், சென்னையில் 43 சொச்சம்தான். இல்லாமலே பழகிவிட்டோம்.

1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 வேலைகளை எழுதி, இதையெல்லாம் நகராட்சிகளிடம் கொடுக்கலாம் என்றது. கொடுக்கலாம், அவ்வளவுதான். குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்தில், பெரிய கட்டடங்களுக்கான அனுமதி பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவில், ஆணையரை நியமிப்பது மாநில அரசு. 2011 கணக்குப்படி 66 லட்சத்துக்கு மேல் மக்கள், 200 வார்டு, வகுத்துப் பாருங்கள், ஒரு கவுன்சிலருக்கு 33 ஆயிரம் பேர். அந்தக் கவுன்சிலர் கையில் இருப்பது கால்வாய் அடைப்பும் தெருவிளக்கும்.

இருக்கிற அதிகாரத்தையாவது எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்றால், 2025 ஆகஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானம் மாமன்றத்தில் அதற்கு முன்பே நிறைவேறியிருந்தது. அந்தக் குப்பையை அள்ளிய பெண்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள், மழையில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு. உள்ளே அவர்கள் ஓட்டுப் போட்ட கவுன்சிலர்கள். நடுவில் ஒரு கேட். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது, நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தது. சட்டப்படி எல்லாமே சரி. தீர்மானம் சரி, உத்தரவு சரி, வண்டி சரி. எந்தக் கட்டத்திலும் அவர்களைக் கேட்க வேண்டும் என்ற விதி மட்டும் இல்லை.

கொடுங்கையூர் குப்பை எரிஉலைக்கு எதிராக அந்த வருஷம் மே மாதம் மனிதச் சங்கிலி நின்றோமே, அதுவும் இதே கதை. எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். பதிவு மட்டும்தான் செய்யலாம்.

பெரம்பூர் லோகோ:

படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேரைக் கேட்டு நடத்துவதாலேயே எதுவும் நடக்கவில்லை. சிங்கப்பூர் இவ்வளவு பேரைக் கேட்டா கட்டினார்கள்? ஒரு நல்ல ஆள், கண்டிப்பான ஆள், பத்து வருஷம் கேள்வி கேட்காமல் விட்டால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்காது. நாம் எல்லாவற்றையும் பேசிப் பேசியே ஆறப்போடுகிறோம். குடவோலை முறை எல்லாம் கண்ட நாடு இது, அப்போது ஒழுங்கு இருந்தது.

மாதவரம் பால்:

உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துவிட்டீர்களா, எப்போது வரும் என்று காத்திருந்தேன். பராந்தக சோழன் காலத்து விதி அருமையானதுதான். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது, அவர் சொந்தக்காரர் பெயரையும் எழுதக்கூடாது. அதை இன்று கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே கல்வெட்டில் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நீங்களும் நானும் குடத்துக்குப் பக்கத்திலேயே போயிருக்க முடியாது சார்.

பழைய பின்னி:

லோகோ சார், கேள்வி கேட்காத காலத்தை நான் பார்த்திருக்கிறேன். 1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ரயில் நேரத்துக்கு வருது, ஆபீசில் ஆள் இருக்காங்க என்று டீக்கடையில் ரொம்பப் பேர் சந்தோஷமாகத்தான் பேசினார்கள், நானும் நம்பினேன். 1976 ஜனவரி 31-ல் இங்கே ஆட்சியைக் கலைத்தார்கள். அதற்கப்புறம் டீக்கடையில் சத்தமே இல்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஜெயிலில் மிசா கைதிகளை அடித்தார்கள், இதே ஊருக்கு மேயராக இருந்த சிட்டிபாபு அந்த அடியில்தான் உடம்பு கெட்டு இறந்துபோனார், பிறகு இஸ்மாயில் கமிஷன் வைத்து விசாரித்தார்கள். கண்டிப்பான ஆள் நல்லவராக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். நல்லவராக இல்லை என்று பாதியில் தெரிந்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

கேட் அப்போதும் அடைத்துத்தான் கிடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூர் லோகோ:

ஐயா, உங்களிடம் வாதாட வயது இல்லை. நான் சொல்ல வந்தது வேகம் பற்றி. அதை யாரும் தொடவே இல்லை.

மாதவரம் பால்:

வேகம்தானே, தொடுகிறேன். 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்களை நிலைக்குழுவுக்கு அனுப்பி அலசினார்கள், 17-ஆவதில் அது 16 சதவீதம் ஆகிவிட்டது. நல்ல வேகம். வேளாண் சட்டங்கள் மூன்றையும் 2020-ல் அந்த வேகத்தில் போட்டு, ஒரு வருஷம் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்து, 2021-ல் திரும்பப் பெற்றார்கள். மொத்தமாகப் பார்த்தால் எது சீக்கிரம்?

நம் எம்.பி. நினைத்தால்தான் நின்று கேட்க முடியுமா? 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் ஆள் தாவுவதை நிறுத்தவில்லை, கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போடுவதைத்தான் நிறுத்தியது. தென்கொரியாவில் 2024 டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி அதிபர் ராணுவச் சட்டம் அறிவித்தபோது எம்.பி.க்கள் சிலர் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள், 190 பேர் சேர்ந்து சில மணி நேரத்தில் ரத்து செய்தார்கள், அதில் 18 பேர் அதிபரின் கட்சிக்காரர்கள். இங்கே அந்த 18 பேருக்கு அடுத்த நாள் பதவி இருக்காது. நம் ஆள் மதில் ஏறுவாரா என்பது அப்புறம், ஏறினால் தகுதிநீக்க நோட்டீஸ் வரும்.

மீன் வாடை:

மதில், கொரியா எல்லாம் இருக்கட்டும், எனக்கு ஒரு உதவி வேண்டும். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்ததே, 2025 டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் அம்மா பெயர் இல்லை. தமிழ்நாட்டில் 6 கோடியே 41 லட்சம் பேரில் 97 லட்சத்துக்கு மேல் நீக்கம், அதில் இறந்தவர், இரண்டு இடத்தில் இருந்தவர் எல்லாம் நியாயமாகவே போயிருப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். என் அம்மா ஒரு நாள் விடாமல் காசிமேட்டில்தான் இருக்கிறாள். படிவம் கொடுக்க வந்த பெண் மூன்று தடவையும் காலை எட்டு மணிக்கு வந்திருக்கிறாள், அந்த நேரத்துக்கு அம்மா ஏலத்தில் இருப்பாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, மகன் பெரும்பாக்கம் போயிட்டான் என்று சொல்லியிருக்கிறார்கள், அது தம்பியைப் பற்றி. எழுதிக்கொண்டது அம்மாவுக்கு. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அங்கன்வாடி வேலையையும் பார்த்துக்கொண்டு ஆயிரம் வீட்டுப் படிவத்தோடு அலைகிறாள், எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அழுதாள்.

ஆறாம் படிவமா, எட்டாம் படிவமா?

மாதவரம் பால்:

பெயரே இல்லையென்றால் ஆறு. எட்டு என்பது முகவரி மாற்றம், பிழை திருத்தத்துக்கு. உறுதிமொழிப் படிவமும் சேர்த்துக் கேட்பார்கள், 2002, 2005 பட்டியலில் அம்மா பெயரோ தாத்தா பெயரோ எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், அதுதான் எளிது. சும்மா தோன்றுகிறது, 1951-ல் முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வடக்கே பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதச் சொன்னார்கள், சுமார் 28 லட்சம் பேரை நீக்க வேண்டியதாயிற்று. அப்போது பெயரைச் சொல்லாததால் போனது, இப்போது ஏலத்துக்குப் போனதால் போகிறது.

டோல்கேட் தம்பி:

அக்கா, ஞாயிற்றுக்கிழமை நான் வரேன். லேப்டாப் இருக்கு, 2002 பட்டியல் தேடித் தரேன். எங்க தெருவிலயும் ஏழு பேர் இருக்காங்க, எல்லாரையும் ஒண்ணா முடிச்சிடலாம்.

மீன் வாடை:

வா தம்பி. பன்னிரண்டுக்கு மேல் வா, அம்மா தூங்கி எழுந்திருப்பாள். போட்டோ கேட்பார்கள் இல்லையா, அவளிடம் இருப்பது என் கல்யாணத்தில் எடுத்தது ஒன்றுதான்.

கொருக்குப்பேட்டை கேட்:

இழையைத் தொடங்கிவிட்டுக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள், 47 பக்கம், ஸ்கேன் செய்தது, பாதி சாய்ந்திருக்கிறது. முன் நாலு வரிசைக்காரர்கள் பேசியது முழு முழுப் பத்தியாக இருக்கிறது, திட்டத்தை மனமார வரவேற்பதாக. என்னுடையதைத் தேடினேன். 63-ஆவது ஆளாக என் பெயர் சரியாகத்தான் இருக்கிறது, இனிஷியல் உட்பட. அதற்கு நேராக ஒரு வரி: உள்ளூர் இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொண்டார்.

நான் அந்த வார்த்தையையே சொல்லவில்லை. கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமையில் அந்த வீடியோவைக் கேட்டிருக்கிறேன். முப்பது நாள். அதுவரை சும்மா இருக்க முடியவில்லை, அன்றைக்கு வந்தவர்கள் யாராவது மூன்று மணிக்கு மேல் போனில் எடுத்தீர்களா?

மீன் வாடை:

என் தங்கை வந்திருந்தாள், எங்கள் ஊர் அக்கா பேசியதை எடுத்தாள், அது 61-ஆவது நம்பர். நிறுத்தாமல் அப்படியே விட்டிருந்தால் உங்களுடையதும் வந்திருக்கும். சார்ஜ் எப்போது போனது என்று தெரியவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.